பாரம் ஏற்றினால் விக்காத பிக்கப்

வேலையை விட்டு ஓய்ந்தபிறகு எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. தெருவில் போகிற வாகனத்தின் சத்தத்தைக் கேட்டு, அதற்கு என்ன வருத்தம், எங்கே கோளாறு என்று உரத்துச் சொல்லிவிடுவேன். மனைவிக்கு அது பிடிக்காது. "உங்களை ஆரும் கேட்டவையே?" என்பாள். நீங்கள் கேட்டீர்கள். வாகனம் திருத்துகிற இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதுங்கள் என்றீர்கள். கேட்ட குற்றத்துக்கு இதை வாசித்துத்தான் ஆகவேண்டும்.

பிள்ளைகளே, இப்போது உங்கள் கையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதன் வயரை வாகனத்தில் செருகினால் எங்கே நோகிறது என்று வாகனமே சொல்லிவிடுகிறது. அதைப் பற்றி எனக்குப் பொறாமையும் இல்லை, நக்கலும் இல்லை. அப்படி ஒன்று அந்த நாளில் கிடைத்திருந்தால் என் முழங்கால்கள் இன்னும் கொஞ்சக் காலம் உழைத்திருக்கும். ஆனால் எப்போதாவது இருந்திருந்து வருகிற வருத்தம் என்று ஒன்று உண்டு. வாகனக்காரர் வந்து முறைப்பாடு சொல்வார். நீங்கள் ஓட்டிப் பார்ப்பீர்கள். ஒன்றும் இராது. பல் வைத்தியரின் வாசலைக் கண்டதும் பல்லுக்குத்து மாறுகிற மாதிரி. அந்த நேரத்தில் உங்கள் பெட்டியும் வாயை மூடிக்கொண்டு இருக்கும் என்று கேள்விப்பட்டேன். அப்படிப்பட்ட ஒரு நாளில் உதவட்டும் என்றுதான் நேசனுடைய பிக்கப்பைப் பற்றி எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்க வருடங்கள். போரினால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் பெற்றோல் வருவது நின்றுபோயிருந்தது. கொக்குவிலில் என் கராஜ். வாகனங்களில் பாதி ஓடாமல் கல்லின்மேல் ஏறி நின்றன, மீதி மண்ணெண்ணெயில் ஓடின. உங்களுக்கு இது புதினமாக இருக்கும். எஞ்சினை மூடியிருக்கிற பொனற்றுக்குள் ஒரு சேலைன் போத்தலைத் தொங்கவிட்டு அதற்குள் மருந்து மாதிரிக் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்போம். அந்தப் பெற்றோலில் எஞ்சினை ஸ்ராட் பண்ணி, அது நன்றாகச் சூடேறியபிறகு குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. புகை கண்ணைக் கரிக்கும். எஞ்சின் இருமும், தும்மும், ஆனாலும் ஓடும். நாங்களும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தோம்.

நேசன் புத்தூர்ப் பக்கத்துத் தோட்டக்காரன். கலியாணம் கட்டிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. தகப்பன் விட்டுப்போன பழைய பிக்கப்பில் விடிய வெள்ளனத் தோட்டத்து மரக்கறியை ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிச் சந்தைக்கு வருவான். ஒருநாள் பாரம் இறக்குவதற்கு முன்னரே என்னிடம் வந்துவிட்டான். பின்னுக்குப் பூசணிக்காய் குவிந்திருந்தது.

"அண்ணை, அக்சிலேற்றரை மிதிக்கேக்கை ஒருக்கா விக்குது. மூச்சு நிண்ட மாதிரி. பேந்து தானாப் பாயுது."

"எப்பவுமோ?"

"இல்லை. இருந்திட்டுத்தான்."

மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கும் என்பதுதான் அந்த நாளில் யாருக்கும் முதல் சந்தேகம். பார்த்தேன், இல்லை. பிளக்குகளைத் துடைத்தேன். பூசணிக்காயோடு கோண்டாவில் வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தேன். பட்டுப் போல ஓடியது. "ஆரோ உன்ரை பிக்கப்பை நினைக்கினம் போலை, அதுதான் விக்குது" என்று பகிடி விட்டு அனுப்பினேன். அவனும் சிரித்துக்கொண்டுதான் போனான்.

கொஞ்ச நாளில் திரும்பி வந்தான். மறுபடி விக்கியதாம். மறுபடி ஓட்டினேன். மறுபடி பட்டு. எனக்குச் சினம் வந்துவிட்டது. எனக்குச் சினம் கொஞ்சம் கெதியாக வரும், இதை என்னோடு வேலை செய்தவர்களிடம் கேட்டால் இன்னும் விபரமாகச் சொல்வார்கள்.

"காபுரேற்றரைக் கழட்டிப் பாருங்கோவன் அண்ணை."

"கழட்டுறன். திருப்பிப் பூட்டேக்கை கேஸ்கற்றுக்கு உன்ரை தோட்டத்து வாழையிலையை வெட்டி வைக்கட்டோ?"

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். என் கையும் ஸ்பனரைத் தேடிக்கொண்டுதான் இருந்தது. ஒன்றும் விளங்காத நேரத்தில் எதையாவது கழற்றினால் மனதுக்கு ஒரு நிம்மதி. வேலை நடக்கிற மாதிரி இருக்கும், வாகனக்காரரும் சந்தோஷப்படுவார். ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றைக் கழற்றி, அதில் கேஸ்கற் என்கிற ஒரு மெல்லிய கடதாசி கிழிந்தால், மாற்றுவதற்கு இன்னொன்று குடாநாடு முழுதும் தேடினாலும் கிடையாத காலம் அது. அந்தப் பிக்கப் நின்றால் நேசன் வீட்டு உலையும் நின்றுவிடும். உங்களுக்கு இப்போது சாமான் தாராளமாகக் கிடைக்கிறது. அதற்காக, தெரியாத பழுதுக்குத் தெரிந்த நட்டைக் கழற்றாதீர்கள்.

மூன்றாம் முறை அவன் வந்தபோது வாகனத்தைக் கேட்காமல் அவனைக் கேட்டேன். உண்மையில் முதல் நாளே அப்படித்தான் தொடங்கியிருக்க வேண்டும், ஆனால் பூசணிக்காய்களுக்கு நடுவில் நின்று யார் யோசிக்கிறார்கள்.

"கடைசியா எங்கை விக்கினது?"

"கோப்பாயிலை."

"பாரத்தோடையோ?"

"பாரத்தோடை ஒருநாளும் விக்கினதில்லை அண்ணை."

"அப்ப வெறுமையா ஓடேக்கையோ?"

"வெறுமையா ஓடேக்கையும் இல்லை." கையில் இருந்த துணியை முறுக்கிக்கொண்டு நின்றான். "வதனி ஏறினா மட்டுந்தான்."

வதனி அவன் மனைவி. நான் கராஜ் அதிரச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அதைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஒரு பழைய ரயரைக் காட்டி இருக்கச் சொன்னேன்.

அவன் சொன்னது இது. வதனிக்கு முதல் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. அதற்குப் பிறகு கனகாலம் ஒன்றும் இல்லை. இப்போது மறுபடி கர்ப்பம், எட்டாம் மாதம். கிளினிக்குக்கு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் பிக்கப்பில்தான் கூட்டிப்போவான். முன் சீற்றில் அவனும் வதனியும் அவனுடைய தாயுமாக மூன்று பேர். அப்படிப் போன நாட்களில் வாகனம் விக்கத் தொடங்கியது. ஒருமுறை கோப்பாய்ச் சந்தியில் விக்கியபோது தாய், "நீ ஏறினாத்தான் பிள்ளை உதுக்கு விக்கல் வருது" என்று சொல்லிவிட்டா. பகிடியாகத்தான். வதனியும் அப்போது சிரித்திருக்கிறாள். ஆனால் அடுத்த கிளினிக் நாள் உடுத்தி வெளிக்கிட்டு வந்தவள், வாசல் படலையடியில் நின்றுவிட்டாள். பிக்கப்பில் ஏறமாட்டேன் என்றாள்.

"சைக்கிள் கரியரிலை வைச்சுத்தான் கொண்டு போனனான் அண்ணை. எட்டு மாதப் பிள்ளைத்தாச்சியை. அந்தக் குழியும் கிடங்குமான றோட்டாலை. குண்டு போடுற பொம்பர் வந்தா பாய்ஞ்சு விழுந்து படுக்கேலுமே அவவாலை?"

"கொம்மா ஒண்டும் சொல்லேல்லையோ?"

"அம்மா அண்டையிலை இருந்து வதனியோடை கதைக்கிறதே குறைவு. கோவம் இல்லை. வாய் திறக்கப் பயப்பிடுறா."

"பிரசவ நோ வந்தா என்ன செய்யப் போறா?"

"அதுதானே அண்ணை. எங்கடை பக்கம் ஓடுற வாகனம் வேறை இல்லை. நடந்தாவது போவன், உதிலை ஏறமாட்டன் எண்டுறா. தான் ஏறி, வழியிலை வாகனம் நிண்டு, இந்தப் பிள்ளையும் போயிட்டா எண்டு…"

எனக்கு மனம் பாரமாகிவிட்டது. வாகனங்களைச் செவ்வாய் பிடித்தது, சனி பிடித்தது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை நான் பகிடி பண்ணித்தான் அனுப்புவது வழக்கம். ஆனால் அந்தப் பெண் பழியை வாகனத்தின்மேல் போடவில்லை. தன்மேல் போட்டுக்கொண்டாள். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள் காரணம் தேடிக்கொண்டுதான் இருப்பாள், கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொள்வாள். அந்த நேரம் பார்த்து மாமியின் பகிடி எட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாறன் என்று நேசனிடம் சொன்னேன்.

மாரி காலம். தூறலுக்குள் சைக்கிள் மிதித்துப் புத்தூருக்குப் போனேன். நேசனின் தாய் தங்கம்மா மாமி படலைக்கே வந்துவிட்டா. நல்ல உயரமான, கணீரென்ற குரல் உள்ள மனுசி. பனங்கட்டியோடு தேநீர் தந்து, உள்ளி வெங்காயத்திலிருந்து ஊர் வம்புவரை என்னோடு கதைத்தா. மருமகளோடு மட்டும் ஒரு சொல் இல்லை. "அந்தப் பிள்ளை நிலத்திலை இருக்குது, பாயைப் போடு" என்று மகனிடம் சொன்னா. "மத்தியானம் ஒழுங்காச் சாப்பிடேல்லை" என்று என்னிடம் சொன்னா. கரிசனை எல்லாம் சுற்றுவழியில்தான் போய்க்கொண்டிருந்தது.

வதனி சின்ன முகம், பெரிய வயிறு. மரியாதையாகச் சிரித்தாள்.

"பிள்ளை, எஞ்சினுக்குச் சீற்றிலை ஆர் இருக்கினம் எண்டு தெரியாது" என்றேன்.

"ஓம் அண்ணை" என்றாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியின் மனம் நோகக்கூடாது என்பதற்காகச் சொல்கிற ஓம் அது. என் விளக்கம் அவளைத் தொடவே இல்லை.

"சரி. அதை விடு. எனக்கு ஒரு உதவி செய். கோப்பாயிலை விக்கின அண்டைக்கு என்னென்ன நடந்தது? வீட்டுப் படலையிலை இருந்து தொடங்கிச் சொல்லு."

முதலில் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். பிறகு மெல்ல மெல்ல அவள் முகம் மாறியது. நேசன் வெளிக்கிட முன்னரே சீற்றில் தலையணையை வைப்பானாம். படலையிலிருந்து முதலாம் கியரில் இறக்குவானாம். கிடங்கைக் கண்டால் எறும்பு ஊர்கிற மாதிரி இறங்கி ஏறுவானாம். "சைக்கிள்காரர் எல்லாம் எங்களை முந்திக்கொண்டு போவினம் அண்ணை. அண்டைக்கு ஒரு வயசுபோன அப்பு நடந்தே முந்தினவர். முந்திப் போய்த் திரும்பிப் பாத்தவர்." சொல்லும்போதே சிரித்துவிட்டாள். நேசன் எழுந்து கிணற்றடிப் பக்கம் போய்விட்டான். "இஞ்சையிருந்து கோப்பாய் வரை அப்பிடித்தான். சந்தியிலை பின்னாலை ஒரு ரக்ரர் வந்து ஹோர்ன் அடிச்சுது. இவர் பதறிப்போய் சடாரெண்டு மிதிச்சார். அப்பதான் விக்கினது."

அதோடு எனக்கு முக்கால்வாசி விளங்கிவிட்டது. பிக்கப்படிக்குப் போய், குளிர்ந்து கிடந்த எஞ்சினை ஸ்ராட் பண்ணி, ரேடியேற்றருக்குப் போகிற மேல் ஹோஸில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். ஸ்ராட் பண்ணிக் கொஞ்ச நேரத்திலேயே அது வெதுவெதுக்கத் தொடங்கியது. மீதிக் காலும் விளங்கியது.

எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்கு விடாமல் மறித்து வைத்திருக்கிற சின்ன வால்வு ஒன்று உண்டு, தேமோஸ்ராற். அது இருந்தால் அந்த ஹோஸ் கனநேரம் குளிர்ந்தே கிடக்கும். எங்கள் ஆட்கள் ஒரு வாகனத்தை வாங்கினால் செய்கிற முதல் திருப்பணி அதைக் கழற்றி எறிவதுதான். குளிர் நாட்டுக்காரரின் சாமான், இந்த வெயிலுக்குள் எங்களுக்கு என்னத்துக்கு என்று. பெற்றோலில் ஓடிய காலத்தில் அதனால் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் மண்ணெண்ணெய் சூடு இல்லாமல் ஆவியாகாது. பாரம் இழுக்கிற எஞ்சின் கொதிக்கும், அதற்கு விக்கல் வராது. வெறும் வாகனத்தை விரட்டி ஓட்டினாலும் சூடு தங்கும். மாரிக் குளிருக்குள் எறும்பு மாதிரி ஊர்ந்தால் எஞ்சின் ஆறிப்போகும், எண்ணெய் ஈரமாகவே குழாய்ச் சுவரில் ஒட்டிக் கிடக்கும். அந்த நேரத்தில் சடாரென்று மிதித்தால் காற்றுத்தான் உள்ளே பாயும், எண்ணெய் பின்தங்கும். எஞ்சின் ஒருமுறை மூச்சடைத்துத்தான் எழும்பும்.

ஆக, வதனி ஏறினால் வாகனம் விக்கியது உண்மைதான். அவள் ஏறினால் நேசன் அப்படி ஓட்டினான் என்பதுதான் காரணம். இத்தனை வருடத் தொழிலில் அன்பினால் வந்த பழுது என்று நான் கண்டது அது ஒன்றைத்தான்.

நேசனிடம் சொன்னேன். அவன் உடனே ஓடிப்போய் ஒரு சாக்கோடு வந்துவிட்டான், ரேடியேற்றருக்கு முன்னால் கட்டிச் சூட்டை மறித்துவிடலாம் என்று. நான் வேண்டாம் என்றேன்.

"ஏன் அண்ணை? கட்டினா விக்காது எண்டுதானே சொல்லுறியள்?"

"விக்காது. ஆனா வதனி ஏறுவாவே?"

தம்பிமாரே, தங்கைமாரே, இந்தக் கதையில் நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். பழுதைத் திருத்துவதற்கு முன் அதை உங்கள் கையால் ஒருமுறை உண்டாக்கிக் காட்டுங்கள். அப்படிச் செய்யாமல் திருத்தினால் எதைத் திருத்தினீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. வதனியின் விஷயத்தில் அது இன்னும் மோசம். சாக்கைக் கட்டிவிட்டு, எல்லாம் சரி, ஏறு பிள்ளை என்றால் அவள் என்ன நினைப்பாள்? தன் ராசிக்கு ஏதோ மறைப்புக் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பாள். அந்தச் சாக்கு அவிழ்ந்தால் என்ன செய்வது என்று பயந்துகொண்டே இருப்பாள். அவள் இல்லாமல் அந்த வாகனம் விக்க வேண்டும். அதை அவள் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

"எண்ணெய் வீணாப்போகும் அண்ணை" என்றான் நேசன்.

"போகட்டும்" என்றேன். அந்த நாளில் அது பெரிய சொல்.

அவளைப் படலையடியில் நிற்கச் சொன்னேன். நேசன் பிள்ளையார் கோவிலடிவரை மெல்ல ஓட்டிப்போய்த் திரும்பி வந்து, படலையடியில் சடாரென்று மிதிக்க வேண்டும். நான் பின்பெட்டியில் ஏறிக்கொண்டேன். ஆனால் தனியாக இருந்தால் அவனுக்கு மெல்ல ஓட்ட வரவில்லை. எவ்வளவு சொன்னாலும் கொஞ்சத் தூரத்தில் கால் தானாக அக்சிலேற்றரில் அமர்ந்துவிடும். நான் பின்னாலிருந்து தகரத்தில் தட்டுவேன். பயனில்லை. பழகிய கால் அது, பக்கத்தில் யாராவது இருந்தால்தான் கேட்கும்.

திரும்பி வந்து நின்றபோது தங்கம்மா மாமி சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குசினியிலிருந்து வந்தா. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறா.

"தள்ளு. நான் ஏறுறன்" என்றா.

தாயை ஏற்றிக்கொண்டு நேசன் வழக்கம்போல விரட்டி ஓட்டினான். அவவோடு எப்போதும் அப்படித்தான் ஓட்டுவானாம், சந்தைக்குப் பிந்தினால் அவவே மிதியடா என்பாவாம். கோவிலடியால் திரும்பி வந்து படலையடியில் மிதித்தான். வாகனம் ஒரு விக்கலும் இல்லாமல் சிங்கம் மாதிரிப் பாய்ந்தது.

நான் பின்பெட்டியிலிருந்து வதனியைப் பார்த்தேன். அவள் அழவில்லை. தனக்கு முன்னமே தெரிந்த ஒன்றை வேறு ஒருவர் வந்து சொன்ன மாதிரித் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுப் பக்கம் திரும்பினாள். மாமி ஏறினால் ஓடுகிறது, தான் ஏறினால் விக்குகிறது. நானே அதை நிரூபித்துக் கொடுத்துவிட்டேன்.

"பிள்ளை, நில்லு!" என்று கத்தினேன். பேசாமல் இறங்கிச் சாக்கைக் கட்டிவிட்டுக் கொக்குவிலுக்கு ஓடிவிடுவோமா என்றுகூட நினைத்தேன். ஆனால் காரணம் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். எஞ்சின் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். தெரிந்த உண்மையை அவசரத்தில் கைவிடாமல் இருப்பதற்குத்தான் இந்தத் தொழிலில் தைரியம் வேண்டும்.

முன் சீற்றில் இருந்த மாமியும் மருமகளின் முகத்தைக் கண்டிருக்கிறா. மகனின் தோளில் ஒரு அடி வைத்தா.

"டேய், நான் ஆரெண்டு நினைச்சு ஓடுறாய்? உன்னை நான் வயித்திலை வைச்சிருக்கேக்கை கொப்பர் என்னை மாட்டுவண்டிலிலை அச்சுவேலிக்குக் கொண்டு போனவர். விடியப் போய்ப் பொழுதுபடத்தான் சேர்ந்தனாங்கள். கிடங்கு வந்தா இறங்கி மாட்டோடை கதைப்பார், ஆறுதலாப் போ ராசா எண்டு. நீ கொப்பற்றை பிள்ளை எண்டா இப்ப அப்பிடி ஓடு. என்ரை வயித்துக்குள்ளை நீ இருக்கிறாய் எண்டு நினைச்சு ஓடு."

அந்தக் கணீர்க் குரல் முடியும்போது உடைந்துவிட்டது. நேசன் கியரைப் போட்டான்.

அவன் அதற்குப் பிறகு ஓட்டிய மாதிரி ஒருவரும் வாகனம் ஓட்டி நான் கண்டதில்லை. தூறலுக்குள் அந்தப் பிக்கப் ஊர்ந்தது. கிடங்குகளில் இறங்குவதும் ஏறுவதும் எனக்குத் தெரியவே இல்லை. கோவில் வாசலில் பூப் பறித்துக்கொண்டு நின்ற மனுசி, என்ன பழுதோ என்று எட்டிப் பார்த்தா. கோவிலடிக்கு அப்பால் குளக்கட்டுவரை போய்த் திரும்பச் சொன்னேன், எஞ்சின் நன்றாக ஆறட்டும் என்று. மாமி ஒரு கையைத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தா. வாய் எதையோ முணுமுணுத்தது. பிள்ளையாரிடம்தான் கேட்டிருப்பா. ஒரு வாகனம் பழுதாக வேண்டும் என்று கும்பிட்ட ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

படலை தெரிந்தது. வதனி அங்கேயே நின்றாள்.

"இப்ப மிதி!" என்று தகரத்தில் தட்டினேன்.

மிதித்தான். எஞ்சின் சத்தம் அறுந்தது. வாகனம் முன்னுக்கு ஒருமுறை தூக்கிப் போட்டு, மூச்சடைத்து, ஒரு கணம் ஒன்றுமே இல்லாமல் நின்று, பிறகு புகையைக் கக்கிக்கொண்டு பாய்ந்தது.

மாமி யன்னலால் பாதி உடம்பை வெளியே போட்டுக்கொண்டு கத்தினா. "விக்கிட்டுது பிள்ளை! எனக்கும் விக்கிட்டுது! கண்டனியே? எனக்கும் விக்கிட்டுதடி!" கைகளைத் தட்டினா. கன்னத்தால் கண்ணீர் வழிகிறது, வாய் சிரிக்கிறது. "நான் விசரி பிள்ளை, வாய் சும்மா கிடக்காம என்னத்தையோ சொல்லிப்போட்டன். உது ஆர் ஏறினாலும் விக்கும். இந்தக் கிழவி ஏறினாலும் விக்கும்!"

வதனி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு கையை எடுத்தாள். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், அந்தப் பெரிய வயிற்றைத் தாங்கிக்கொண்டு. மெல்ல நடந்து வாகனத்தடிக்கு வந்தாள். கதவைத் திறந்தாள்.

"மாமி, கொஞ்சம் அரக்கி இருங்கோ" என்றாள்.

மாமி அரக்கி இருந்து இடம் கொடுத்தா. மூன்று பேருமாகக் கோவிலடிக்குப் போனார்கள். நான் இறங்கித் தெருவிலேயே நின்றுகொண்டேன். திரும்பி வரும்போது படலையடியில் வாகனம் மறுபடி விக்கியது. உள்ளே மூன்று பேரும் சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்கும் கண் கலங்கியது, மண்ணெண்ணெய்ப் புகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகுதான் வேலையைத் தொடங்கினேன். ரேடியேற்றருக்கு முன்னால் சாக்கைக் கட்டினேன். எஞ்சினின் சூடு எண்ணெய்க் குழாயைச் சுற்றித் தங்கும்படி ஒரு தகரத்தை வளைத்து மறைத்தேன். அந்தக் கிழமையே, கல்லின்மேல் நின்ற ஒரு காருக்குள் இருந்து தேமோஸ்ராற் ஒன்றையும் தேடிப்பிடித்து, அதன் கேஸ்கற்றை தடித்த அட்டையில் என் கையால் வெட்டிப் பூட்டினேன்.

இவ்வளவு பாடு எதற்கு, இனி விரட்டி ஓடு என்று நேசனிடம் ஒரு சொல் சொன்னால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதும்தான். வாகனக்காரரின் பழக்கத்தைப் பிழை சொல்லிவிட்டுக் கையைக் கழுவுவது எங்கள் தொழிலில் மிகச் சுலபம், பாதி நேரம் அது நியாயமாகவும் இருக்கும். ஆனால் அந்த மனிதன் பிள்ளைத்தாச்சி மனைவியைக் கிடங்கு றோட்டால் விரட்டி ஓட்ட வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மெல்ல ஓட்டுவதற்கு அவனுக்கு உரிமை இருந்தது. அதற்கு ஏற்ற மாதிரி வாகனத்தைச் செய்து கொடுப்பதுதான் என் வேலை.

மாரி முடிகிற நேரம் நேசன் வந்தான். வந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"பெட்டைப் பிள்ளை அண்ணை. தாயும் பிள்ளையும் சுகம்."

"வழியிலை விக்கினதே?"

"ஒருக்காவும் இல்லை. நோ கூடக் கூட வதனி மிதியுங்கோ மிதியுங்கோ எண்டு கத்திறா. அம்மாவும் மிதியடா எண்டுறா. எனக்குக் கால் அமர மாட்டன் எண்டுது அண்ணை. எறும்பு மாதிரித்தான் போனனான்." தலையைச் சொறிந்தான். "ஆஸ்பத்திரிக் கேற்றடிக்குப் போகேக்கை பிள்ளை பிறந்திட்டுது. முன் சீற்றிலையே. அம்மாதான் கையிலை ஏந்தினவ."

நான் போய்க் கதவைத் திறந்து பார்த்தேன். கழுவித் துடைத்திருந்தான், ஆனாலும் சீற்றுத் துணி ஒரு பக்கம் நன்றாகக் கறைபட்டிருந்தது. வேறு துணி கிடக்கிறது, மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம் அண்ணை. வதனி ஆஸ்பத்திரியிலை இருந்தே சொல்லி விட்டவ. அந்தச் சீற்றிலை ஒருத்தரும் கை வைக்கக் கூடாதாம். அது தன்ரை இடமாம்."